பதினோராம் எண் முள்ளெலியின் இடுப்பளவு

வனச்சரக அலுவலர் சார் அவர்களுக்கு,

முள்ளெலி தப்பித்துப் போய்விட்டது என்று நேற்று சாயங்காலம் நான் சொன்னது பொய். அது என்னிடம்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபமாகும் என்று நினைத்தேன். சுலபமாகவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

“என்ன நடந்துச்சோ, எழுத்துல குடுங்க” என்றீர்கள். நீங்கள் இந்தச் சரகத்துக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது என்று உங்கள் வனக்காவலர் நாகநாதன் அண்ணன் சொன்னார். உங்களுக்கு முந்தைய சங்கதி தெரிந்திருக்காது என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். தயவுசெய்து முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அந்த எலி சாகுமா பிழைக்குமா என்பது இனி உங்கள் முடிவில்தான் இருக்கிறது.

என் பெயர் இராமலட்சுமி. சிக்கலுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் எங்கள் ஊர். சிக்கல் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை படித்தேன். தொழில் தையல். பிளவுஸ், சுடிதார், பிள்ளைகளுக்கு யூனிபார்ம். பதினாறு வருஷமாக இதுதான் சோறு. சத்யப்பிரியா மேடம் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். நம் பக்கத்து மிளகாய்க் காடுகளில் இருக்கிற முள்ளெலிகள் கோடையை எப்படித் தாண்டுகின்றன என்பது அவர் படிப்பு. போன புரட்டாசியில் உதவிக்கு ஆள் தேடி வந்தபோது எங்கள் ஊரில் பி.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் மூன்று பேர் சும்மா இருந்தார்கள். மேடம் என்னைத்தான் எடுத்தார். “எனக்கு டேப் பிடிக்கத் தெரிஞ்ச கை வேணும்” என்றார். தப்பு செய்தது அந்தக் கைதான்.

முள்ளெலி மழைக்காலத்தில் வண்டு, கரையான், புழு என்று அகப்பட்டதைத் தின்று உடம்பை ஏற்றிக்கொள்ளும். பங்குனி பிறந்து தரை வெடித்துவிட்டால் தீனி கிடைக்காது. வளைக்குள் போய் நாள் கணக்கில் அசையாமல் கிடக்கும். அப்போது அதற்குச் சாப்பாடு, தோலுக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பு மட்டும்தான். அது பத்தாத எலி தூங்கப் போகும், எழுந்திருக்காது.

ஆகவே ஒரு எலியிடம் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டும், எலிக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அறுத்துப் பார்த்தால் சரியாகத் தெரிந்துவிடும், பிறகு அந்தத் தகவலால் அந்த எலிக்கு என்ன லாபம்? மயக்க ஊசியும் வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். பெரிய ஊர்களில் எலியைக் குழாய் மாதிரி ஒன்றுக்குள் விட்டாலே கொழுப்பைக் கணக்குச் சொல்கிற மிஷின் இருக்கிறதாம், அது நம் காட்டுக்கு வராது. எடை மட்டும் போட்டால் போதாதா என்று நானும் கேட்டேன். அதற்கு மேடம், காட்டுக்காரர் பாண்டித்துரை மாமாவையும் எங்கள் அய்யாவையும் காட்டினார். இரண்டு பேரும் எழுபத்திரண்டு கிலோ. மாமாவுக்கு அது தொப்பை, அய்யாவுக்கு அது உயரம். எலியிலும் அப்படித்தான். அதுவும் வயிறு முட்டத் தின்ற எலி, தின்னாத எலியைவிடக் கூடுதல் எடை காட்டும்.

அதனால் மேடம் பந்தை அளக்கிறார். முள்ளெலியைத் தொட்டால் சுருண்டு பந்தாகிவிடும், பார்த்திருப்பீர்கள். கொழுத்த எலி சுருண்டால் நல்ல உருண்டை. மெலிந்த எலி சுருண்டால் கோழி முட்டை மாதிரி நீளமாக நிற்கும், விலாவை நிரப்ப ஒன்றுமில்லாததால். டேப்பை ஒரு தடவை நீளவாக்கில் சுற்ற வேண்டும், ஒரு தடவை குறுக்கே இடுப்பில் சுற்ற வேண்டும். இடுப்பளவை நீள அளவால் வகுத்தால் விடை ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே வரும். ஒன்றை நெருங்க நெருங்கக் கொழுப்பு அதிகம். மேடம் தன் வேலைக்கு வைத்திருக்கிற கோடு 0.90. அதற்கு மேலே என்றால் கோடையைத் தாண்டும் என்று நம்பலாம். எலிக்கு ஒரு கீறல் விழாது. இரண்டு நிமிஷ வேலை.

முதல் மூன்று எலிகளை மேடமே அளந்தார், நான் நோட்டில் எழுதினேன். கார்த்திகையில் அவர் மதுரைக்குப் போன பிறகு, நாலாம் எண்ணிலிருந்து பத்தாம் எண் வரை ஏழு எலிகளை நான் தனியாக அளந்தேன். பிடித்த இடத்திலேயே அளந்து அங்கேயே விட்டுவிடுவது. ஏழும் கோட்டுக்கு மேலே இருந்தன. இந்த வருஷம் நல்ல மழை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பதினோராவதுதான் இப்போது பேச்சில் இருக்கிற எலி. பெண் எலி. ஜனவரி ஐந்தாம் தேதி, ரோட்டோரம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் கிடந்தது. பின்னங்காலில் புண். பாண்டித்துரை மாமா பார்த்துச் சொல்லி அனுப்பினார். எடை 142 கிராம். நாகநாதன் அண்ணன் வந்து பார்த்தார். உங்களுக்கு முன்னால் இருந்த அலுவலர் முப்பது நாள் அனுமதி கொடுத்தார். பிப்ரவரி நாலாம் தேதிக்குள் கால் ஆறி, கோட்டைத் தாண்டினால் இங்கேயே விடுவது. தாண்டாவிட்டால் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்புவது. அங்கே போனது திரும்பி இந்த மண்ணுக்கு வராது.

மாமாவின் மோட்டார் ரூமில் கம்பி வலைப் பெட்டி வைத்து வளர்த்தேன். கோழிக்குஞ்சுக்குச் செய்கிற மாதிரி, பழைய கலயத்தில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு ஈரமண்ணில் கவிழ்த்துவைத்தால் விடியும்போது கரையான் அப்பியிருக்கும். தினம் இரண்டு கலயம். மாமா வரப்பில் நின்று கேலி பேசுவார்.

“என்ன தாயி, பொண்ணுக்கு இன்னைக்கு அளவு எடுத்தாச்சா?”

“திங்கக்கிழமைதான் மாமா அளவு.”

“என் மிளகாச் செடி ஆறு ஏக்கரும் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. அதுக்கு ஒருத்தரும் டேப்பத் தூக்கிட்டு வரல.”

இந்தத் திங்கட்கிழமை, பிப்ரவரி இரண்டு. எடை 188. நீளவாக்கு 26.0 சென்டிமீட்டர். இடுப்பு 24.0. விடை 0.92. கால் ஆறிவிட்டது. மேடத்துக்கும் நாகநாதன் அண்ணனுக்கும் போன் செய்து சொன்னேன். புதன்கிழமை நாலு மணிக்கு ஜீப் வரும், சேர்ந்து போய் விடலாம் என்று தகவல் வந்தது.

இனி நேற்று நடந்தது.

பதினோரு மணிக்குத் துர்காதேவி வந்தாள். எங்கள் தெருப் பிள்ளைதான். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த பிளவுஸை மாட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

“ஏக்கா, எங்க சின்னம்மா கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும் கேக்குது, யாரு பிளவுஸடி எரவ வாங்கிட்டு வந்தன்னு.”

“எங்கனடி லூசா இருக்கு?”

“இங்கன பாரு. இந்தப் பக்கமா இன்னொரு ஆளு உள்ள வந்து உக்காரலாம்.”

“சும்மா பேசாத. ஒரு விரல் உள்ள விட்டுத்தான் சுத்தளவு எடுப்பேன். இல்லன்னா கையத் தூக்கும்போது தையல் விட்டுப்போகும். நீளத்துக்கு விடமாட்டேன், சுத்தளவுக்கு மட்டும்தான்.”

“நீ எப்ப விரல் விட்ட? எனக்குத் தெரியவே இல்லயே.”

“எனக்கே தெரியாதுடி. கை தானாப் போகும்.”

இதைச் சொல்லிவிட்டு சாக்பீஸை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செருப்புகூட மாட்டாமல் காட்டைப் பார்த்து ஓடினேன். பின்னாலேயே துர்காதேவி கத்தினாள்: “ஏக்கா! ஒரு பக்கம் கோடு போட்டுட்டுப் போற! நான் இப்படியே நிக்கவா, போகவா?”

மோட்டார் ரூமில் எலி தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் சுருண்டது. முதலில் வழக்கம்போல அளப்போம், கையைக் கவனிப்போம் என்று டேப்பை இடுப்பில் சுற்றினேன். கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன் சார். இடது ஆள்காட்டி விரல் டேப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் போகச் சொல்லவில்லை. முள் குத்தியது, அப்போதும் அது வெளியே வரவில்லை. 24.0.

விரலை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். 22.5.

ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு இன்னும் இரண்டு தடவை. 22.5, 22.4. நீளத்தில் மாற்றம் இல்லை, 26.0. சுவரில் கரியால் வகுத்துப் பார்த்தேன். 0.86.

கோட்டுக்குக் கீழே. எடை 189 ஏறியிருந்தது, உண்மைதான். ஆனால் பந்து இன்னும் முட்டைதான். விரல் கொடுத்த ஒன்றரை சென்டிமீட்டரைத்தான் நான் கொழுப்பு என்று எழுதியிருக்கிறேன். இன்னும் நாலு மணி நேரத்தில் ஜீப் வரும், நான் ‘நல்லாருக்கு’ என்று சொன்னதை நம்பி எல்லாரும் சேர்ந்து அதைச் சாகிற இடத்தில் விட்டுவிட்டு வருவோம்.

மேடத்துக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்று அவர் கல்லூரியில் குழு முன்னால் இதுவரைக்குமான அளவுகளை வைத்துப் பேசுகிற நாள். என் ஏழு எலிகளின் அளவும் அதில் இருக்கும். நான் மோட்டார் ரூமில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாகநாதன் அண்ணனைக் கூப்பிட்டேன். விரல் விஷயத்தைச் சொல்லவில்லை. பயம். “அண்ணே, ஒரு பத்து இருபது நாள் தள்ளிப்போட முடியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“எதுக்கு தாயி? நீதான கொழுத்துருச்சுன்ன?”

“சும்மா கேட்டேண்ணே.”

“சும்மா கேக்காத. பெர்மிட் இன்னையோட முடியுது. அய்யா புதுசு, பேப்பர்ல இருக்குறதத்தான் பாப்பாரு. விடலன்னா நாளைக்கே பெட்டியோட வண்டி ஏத்திருவாங்க.”

இதற்குப் பிறகு நான் செய்ததற்கு வேறு யாரும் பொறுப்பில்லை. எலியைத் துணிச் சுருளோடு ஒயர் கூடையில் வைத்து மேலே பிளவுஸ் பிட்டைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அகலமான மண்பானையில் மணலும் காய்ந்த சருகும் போட்டு உள்ளே விட்டேன். திரும்பிப் போய்ப் பெட்டியின் கம்பி வலையைத் தையல் கத்தரிக்கோலால் வெட்டி, கிழிந்த மாதிரி வளைத்து விட்டேன். நாலு மணிக்கு நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் ஜீப்பில் போன் பேசிக்கொண்டிருந்ததால் உள்ளே நடந்தது தெரியாது. நாகநாதன் அண்ணன் குனிந்து வலையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு முனையாகத் தொட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டார்:

“முள்ளெலி எப்ப தாயி கத்தரிக்கோல் வாங்குச்சு?”

நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன்.

“அய்யா எழுதிக் கேப்பாரு. எழுதப்போறது உன் கை. யோசிச்சு எழுது” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் உங்களிடம் எதையும் மறைத்தார் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். இன்று காலை அவரிடமே கேட்டேன், இதையும் எழுதவா என்று. “எழுது. நீ எழுதலன்னா மத்தியானம் நானே போயிச் சொல்லுறதாத்தான் இருந்தேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேரம் வாரியாக. எப்போது கடைசியாகப் பார்த்தேன், வலை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது, எந்தத் திசையில் தடம் இருந்தது என்றெல்லாம். அடித்தல் திருத்தல் இல்லாமல் நன்றாக வந்திருந்தது. அதில் ஒரு வரி, ‘தப்பிய எலியின் கடைசி அளவு 0.92, ஆகவே உயிருக்கு ஆபத்து இல்லை’ என்று இருந்தது. அந்த வரியை எழுதாமல் கடிதத்தை முடிக்க முடியவில்லை. எழுதினால் அது பேப்பரில் ஏறிவிடும். நாளைக்குப் பன்னிரண்டாவது எலி, பதிமூன்றாவது எலி எல்லாவற்றுக்கும் அந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பேனாவைக் கீழே வைத்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு ஈஸ்வரி உறை மோருக்கு வந்தாள். பானைக்குள் இருந்து புஸ் புஸ் என்று சத்தம்.

“அய்யய்யோ, பானைக்குள்ள என்னக்கா, பாம்பா?”

“ஒண்ணுமில்ல, நீ மோர வாங்கு.”

எட்டிப் பார்த்துவிட்டாள். “ஆத்தி, முள்ளெலி! ஏக்கா, ரெண்டே ரெண்டு முள்ளு பிடுங்கிக் குடுக்கா. பயலுக்கு ஒரு வாரமா நிக்காத இருமலு. சுட்டுத் தேன்ல குழைச்சுத் தடவுனா நின்னுரும்.”

“இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“அதுக்கு என்னக்கா வலிக்கவா போகுது? எத்தன முள்ளு வச்சிருக்கு!”

கெஞ்சினாள், நான் பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கோபித்துக்கொண்டு போனாள். மோரையும் விட்டுவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஏழு மணிக்குள் இன்னும் இரண்டு பேர் இருமலோடு வந்தார்கள். ஒருத்தருக்கு இருமலே இல்லை, பார்க்கத்தான் வந்தார்.

கதவைச் சாத்தினேன், தையல் மிஷினை மிதிக்கவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு டி.வி., மிக்ஸி, கோழிகள், கதவைத் தட்டுகிற ஆட்கள். மோட்டார் ரூமில் இருட்டியதும் மூக்கை நீட்டி வெளியே வருகிற எலி, என் வீட்டில் பந்தாகவே கிடந்தது. கரையானைப் பக்கத்திலேயே உதிர்த்துவிட்டேன். அவை அதன் முள்மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. அது அசையவில்லை. ராத்திரி பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எடை போட்டேன். 183.

ஆறு கிராம் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை சார். அதற்கு, முப்பது நாள் தின்று ஏற்றிய நாற்பத்தேழு கிராமில் ஆறு போய்விட்டது. ஏறக்குறைய நாலு நாள் தீனி. மெலிந்த எலியைச் சாக விடக் கூடாது என்று ஒளித்துவைத்தேன், ஒளித்துவைத்ததால் அது மெலிகிறது. இன்னும் நாலு நாள் இப்படியே வைத்திருந்தால் கோட்டைப் பற்றிய பேச்சே தேவைப்படாது. அப்போதுதான் உங்களிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வழி இல்லை என்று புரிந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதற்கு அமைதியான இடம் வேண்டும், அனுமதி இல்லாமல் எந்த இடமும் அமைதியாக இருக்காது, அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாமலும் கூடையில் வைத்து மோட்டார் ரூமுக்கே கொண்டுபோனேன். வெட்டிய வலையைக் கட்டுக்கம்பியால் தைத்தேன். பாண்டித்துரை மாமா பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

“என்ன தாயி, ஓடிப்போன பொண்ணு திரும்பி வந்துருச்சா?”

“ஓடிப் போகல மாமா. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். “சாவி உன்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு இருபதுக்கு மேடம் போனை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதா என்று போனைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அந்த ஏழு எலியோட அளவையும் நேத்து திரையில போட்டுக் காட்டினேன் இராமலட்சுமி.”

“தெரியும் மேடம்.”

“நல்ல மழை, எல்லா எலியும் கொழுத்திருக்குன்னு சொன்னேன்.”

“ம்.”

“கை தட்டினாங்க.” பிறகு, “வைங்க. நான் கூப்பிடுறேன்” என்றார்.

நாற்பது நிமிஷம். அந்த நேரத்தில் நான் வீட்டுக்குப் போய்ப் பானையைத் தேய்த்துக் கழுவினேன், முடிந்ததும் மறுபடி கழுவினேன். திரும்பக் கூப்பிட்டபோது அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“எந்த விரல்?”

“இடது கை ஆள்காட்டி மேடம்.”

“எப்பவும் அதேதானா? ஒரு தடவ விட்டு, ஒரு தடவ விடாம, அப்படி எதுவும் உண்டா?”

“தெரியல மேடம். கை தானா செய்யுறது.”

“ஒரு தேங்காய உரிச்சு எடுங்க. விரலோட இருபது தடவ, விரல் இல்லாம இருபது தடவ. ஒவ்வொண்ணையும் எழுதி அனுப்புங்க. விரலப் பாக்காதீங்க, பேசிக்கிட்டே அளங்க.”

நாகநாதன் அண்ணனை முன்னால் உட்காரவைத்து, அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே தேங்காயை அளந்தேன். தேங்காய் எலியைவிடப் பெரிது, அதனால் எலிக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை மேடம் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்வார். தேங்காயிலிருந்து தெரிய வேண்டியது, விரல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி போகிறதா என்பதுதான். இருபது தடவையில் பதினெட்டு தடவை ஒரே மாதிரி கூடியது. மேடம் அதை வைத்துப் பழைய ஏழு அளவையும் கழித்துப் போட்டார். எட்டரைக்குச் சொன்னார். “தப்புதான். ஆனா ஒரே தப்பு, அதனால கழிச்சிர முடியுது. குழுவுக்கு நான் எழுதிக்கிறேன்.” அதற்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, “ஏழுல அஞ்சு கோட்டுக்குக் கீழ இருக்கு” என்றார்.

அந்த ஐந்தும் இப்போது எந்த வேலியடியில், எந்த வளைக்குள் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவை தின்று ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றிக்கொள்ளாமலும் போகலாம். அவற்றுக்கு நானும் மேடமும் நீங்களும் இப்போது செய்யக்கூடியது எதுவுமில்லை. பதினோராவதுக்கு மட்டும் செய்ய முடியும்.

நான் கேட்பது இதுதான் சார். பிப்ரவரி இருபத்தெட்டு வரை அனுமதியை நீட்டித்துக் கொடுங்கள். நாளுக்கு ஒன்றரை கிராம் ஏறி வந்த எலி, தொந்தரவு இல்லாமல் இருந்தால் அதற்குள் கோட்டைத் தொட்டுவிடும் என்று மேடம் நினைக்கிறார். உறுதி என்று அவரும் சொல்லவில்லை. அளப்பது இனி நாகநாதன் அண்ணன். அவருக்குத் தைக்கத் தெரியாது, அதனால் அவர் விரல் எங்கேயும் போகாது. நான் பக்கத்தில் நின்று எழுதுவேன். இருபத்தெட்டாம் தேதியும் 0.90 வராவிட்டால் நானே பெட்டியைத் தூக்கி உங்கள் வண்டியில் வைக்கிறேன். அதைப் பற்றி அழவோ கேட்கவோ மாட்டேன்.

பொய் சொன்னதற்கும் வலையை வெட்டியதற்கும் என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். மேடத்தின் அனுமதியை இதற்காக ரத்து செய்துவிடாதீர்கள். அவருக்கு இன்று காலைவரை எதுவும் தெரியாது.

இதை நாகநாதன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நேரில் பார்க்க வருவதாக இருந்தால், ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வாருங்கள், ஆறு நிமிஷம்தான். காலை ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டது. அதற்கு முன்னால் பதினான்கு கரையானும் ஒரு வண்டும் தின்றது, எண்ணிக்கொண்டு இருந்தேன். இப்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ரோட்டில் எந்த வண்டி போனாலும் எழுத்து கோணிப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்பதுதான் பதில் என்றாலும் இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள். சாயங்காலம் கலயத்தைக் கவிழ்ப்பதா, பெட்டிக்குக் கயிறு கட்டுவதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இராமலட்சுமி
பிப்ரவரி 5, வியாழன், காலை 10.40
பாண்டித்துரை அவர்களின் மோட்டார் ரூம்